நூற்றுப்பத்து வயதுக் கையெழுத்து

எங்கள் குடும்பத்தில் மூத்த பிள்ளைகளுக்கு இரண்டே பெயர்கள்தான். தாத்தாவின் பெயர் பேரனுக்கு என்று வைத்து வந்ததில், பெரிய பெயர், சின்னப் பெயர் என்று இரண்டும் தறி நாடா மாதிரி மாறி மாறி ஓடிக்கொண்டிருக்கும். பெரிய பெயர்க்காரரின் மகனுக்குச் சின்னப் பெயர். அவன் மகனுக்கு மறுபடியும் பெரிய பெயர். நான் இரண்டாவது பிள்ளை என்பதால் தப்பித்தேன். நான் பிறந்த வாரம் எங்கள் தெருவுக்குக் குடிவந்த கம்பவுண்டரின் பெயரை எனக்கு வைத்தார்கள். அண்ணனுக்குப் பெரிய பெயர்.

அந்தப் பெரிய பெயர் எங்களுக்குத் தெரிந்து முதலில் இருந்தது ஒரு கிணறு வெட்டுகிறவரிடம். அவர் நூற்றுப்பத்து வயது வரை வாழ்ந்தார் என்பது எங்கள் குடும்பத்தின் ஒரே பெருமை. அதனால் அவரை யாரும் தாத்தா, பூட்டன் என்றெல்லாம் சொல்வதில்லை. நூத்திப்பத்து என்றுதான் சொல்வோம். யாருக்காவது காய்ச்சல் வந்தால், "நூத்திப்பத்து ரத்தம், ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக் கஞ்சியைக் கொடுத்துப் படுக்க வைத்துவிடுவார்கள்.

அந்த ரத்தம் பெரிதாக ஒன்றும் உழைத்ததாகத் தெரியவில்லை. அப்பா நாற்பத்தாறு வயதில் போனார். அது செங்கல் சூளைப் புகை என்றார்கள். தாத்தா ஐம்பதைத் தாண்டவில்லை. வண்டி மாடு முட்டினால் ரத்தம் என்ன செய்யும் என்று கேட்டார்கள். மாடு முட்டியது ஒரு வருடம், அவர் செத்தது அடுத்த வருடம் என்பதை மட்டும் யாரும் சேர்த்துச் சொல்லமாட்டார்கள்.

அண்ணனுக்கு லேத் பட்டறை. போன வருடம் ஒருநாள் இரும்புத் தண்டைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ரத்தக் குழாய்களில் அடைப்பு இருக்கிறது, நெஞ்சைத் திறந்து சரிசெய்ய வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்றார் டாக்டர். அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

நான் சிமெண்ட் குடோனில் மூட்டை தூக்குகிறவன். அந்த ஞாயிற்றுக்கிழமை போய் அவரிடம் கெஞ்சினேன், திட்டினேன், அப்பாவை ஞாபகப்படுத்தினேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, பட்டறைக்கு வந்த போல்ட்டைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"டேய், அந்த ஆளு நூத்திப்பத்து வரைக்கும் கிணத்துல எறங்கி ஏறுனவரு. அவரு பேரு எனக்கு. என்னைக் கொண்டுபோய் ஆட்டைக் கிழிக்கிற மாதிரி கிழிக்கணும்ங்கற."

"நூத்திப்பத்து இருந்தாருன்னு நீ பார்த்தியா அண்ணே?"

"சித்தப்பா காகிதத்தைப் பார்த்துத்தானே சொன்னாரு. நீயும் போய்ப் பாரு. அதான் எழுத்து கத்துக்கிட்டியே. அவரு சின்ன வயசுல செத்தாருன்னு ஒரு காகிதம் கொண்டா, மறுநாளே போய்ப் படுத்துக்கறேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அண்ணி சமையலறை வாசலில் நின்றிருந்தார், சிரிக்கவில்லை. நான் செருப்பை மாட்டும்போது கேட் வரை வந்தார்.

"தம்பி, இருந்தா கண்டுபிடிங்க," என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இல்லாட்டியும் எதையாவது கொண்டாங்க" என்றார்.

அது என்னைக் கொஞ்சம் உலுக்கியது. அண்ணி பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

காகிதங்கள் சித்தப்பாவிடம் இருந்தன. அவர் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். காகிதங்களைப் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, பங்கு கேட்டு வந்திருக்கிறாயா என்பது. எதில் பங்கு, நிலம் போய்த்தான் நூறு வருடம் ஆகிறதே என்றேன். போன நிலத்தில் பங்கு கேட்டுக் கோர்ட்டுக்குப் போனவர்கள் நாலு பேரைத் தனக்குத் தெரியும் என்றார். கடைசியில், கடையின் பின்னறையில் உட்கார்ந்து பார்க்கலாம், படம் எடுத்துக்கொள்ளலாம், ஒரு தாளும் வெளியே போகக் கூடாது என்று சம்மதித்தார். டர்பன்டைன் வாசம் தலையைச் சுற்ற, காலி டிரம் ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். பிஸ்கட் தகரப் பெட்டியைத் திறந்து, மேலே இருந்த காகிதங்களை ஒவ்வொன்றாக அவரே எடுத்து நீட்டினார். பெட்டியை என் கையில் கொடுக்கவில்லை. அடியில் இன்னும் ஏதோ தெரிந்தது. கேட்டதற்கு, "அது பொம்பளைங்க காகிதம், நமக்கு ஆகாது" என்று மூடிவிட்டார்.

பழைய கையெழுத்தை என்னால் படிக்க முடியவில்லை. புள்ளியே கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. நான் எழுத்து கற்றதே நாற்பது தாண்டித்தான். அதற்கும் காரணம் ஆசை இல்லை. சிமெண்ட் அரித்து அரித்து என் கட்டைவிரலில் ரேகை தேய்ந்துபோனது. சம்பளத் தாளில் உருட்டினால் வெறும் மைத் தீற்றலாக விழும். இது யாருடைய விரல் என்று மேனேஜர் கேட்க ஆரம்பித்தார். அதனால் சங்கத்து அறையில் நடந்த மாலை வகுப்பில் போய் உட்கார்ந்தேன். அச்சில் உள்ளதைப் படித்துவிடுவேன். இது வேறு.

போனில் படங்களை எடுத்துக்கொண்டு பத்திர எழுத்தரிடம் போனேன். பத்திர ஆபீஸ் வாசலில் தகரக் கூரைக்குக் கீழே மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவர். எங்கள் குடோன் எதிரே என்பதால் பழக்கம். என்னைச் 'சிமெண்ட்டு' என்றுதான் கூப்பிடுவார்.

"வா சிமெண்ட்டு. ஏதாவது சொத்து கிடைச்சிருக்கா?"

"ஒரு ஆளு கிடைக்கணும்," என்றேன்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். முதல் காகிதம் ஆயிரத்து எண்ணூற்று இருபத்தொன்பதில் எழுதியது. பெரிய பெயர்க்காரர், தகப்பன் சின்னப் பெயர்க்காரர், கிணறு வெட்டுகிறவர், ஓடைக்கரையை ஒட்டிய ஒரு துண்டு நிலம் வாங்குகிறார். எழுதத் தெரியாததால் கீழே ஒரு கீறல் போட்டிருக்கிறார். கீறல் என்றால் வெறும் கோடு இல்லை, ஒவ்வொருவருக்கும் ஒரு அடையாளம் இருக்கும் என்றார் எழுத்தர். கலப்பை போடுவார்கள், அரிவாள் போடுவார்கள். இவர் போட்டது ஏணி. இரண்டு நீளக் கோடு, நடுவில் மூன்று படி. சில வருடம் கழித்து ஓடைத் தண்ணீருக்காகப் பக்கத்து நிலத்துக்காரரோடு ஒரு சமாதானம். அதிலும் அதே ஏணி. பிறகு பல வருடங்களுக்கு அவர் இல்லை. இரண்டு காகிதத்தில் அவர் மகன் சின்னப் பெயர்க்காரர் வருகிறார். கடைசிக் காகிதம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழு. ஓடைக்கரை நிலத்தை விற்கிறார்கள். விற்கிறவர், பெரிய பெயர்க்காரர், தகப்பன் சின்னப் பெயர்க்காரர்.

"உங்க சித்தப்பா சொன்னது சரிதான்," என்றார் எழுத்தர். "வாங்குனதும் வித்ததும் ஒரே பேரு, ஒரே தகப்பன் பேரு, ஒரே நிலம். ஆபீஸ்ல இதுக்கு மேல என்ன கேப்போம்? வாங்கும்போது இருபத்திரண்டுன்னு வை, விக்கும்போது நூத்திப்பத்து. மகன் முந்திக்கிட்டான், அப்பன் இருந்திருக்கான். நடக்குறதுதான்."

அண்ணன் ஜெயித்துவிட்டார். அண்ணியிடம் போய் என்ன சொல்வது?

ஆனால் கடைசிக் காகிதத்தின் கீழே எழுத்தர் விரல் வைத்த இடத்தில் ஏணி இல்லை. பெயர் இருந்தது. எழுத்தில்.

"கையெழுத்துப் போட்டிருக்காரு?" என்றேன்.

"ஆமா. நடுவுல எப்பவோ கத்துக்கிட்டிருக்காரு."

உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் அண்ணனின் நெஞ்சு எனக்கு மறந்துபோனது. கிணற்றுக்குள் மண் தோண்டின ஒரு ஆள், என்னைப்போலக் காலம் போன காலத்தில், யாரிடமோ போய் உட்கார்ந்து முதல் எழுத்தைக் கற்றிருக்கிறார். யார் சொல்லிக்கொடுத்தது? எதில் எழுதிப் பழகினார்? பென்சிலைக் கடப்பாரை மாதிரி பிடிக்கிறேன் என்று என்னை வகுப்பில் கேலி செய்தார்களே, அவரையும் செய்திருப்பார்களா? என் குடும்பத்தில் நான்தான் முதல் ஆள் என்று நினைத்திருந்தேன். எனக்கு முன்னால் ஒருவர் இருக்கிறார் என்றதும் மூட்டைச் சுமை பாதியாக இறங்கினதுபோல இருந்தது. அன்றைக்கு வீட்டில் சாப்பிடும்போதும் போனைத் தட்டின் பக்கத்தில் வைத்து அந்தக் கையெழுத்தையே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். போனில் யார் என்று மனைவி கேட்டாள். நூத்திப்பத்து என்றேன். வயசான ஆளோடதான் உங்களுக்குப் பழக்கம் வரும் என்றாள்.

பார்த்துக்கொண்டே இருந்ததில்தான் ஏதோ இடறியது. என்னவென்று முதலில் பிடிபடவில்லை. என் சம்பளச் சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். என் எழுத்துகள் ஒன்றை ஒன்று தொடாமல், அடுக்கிவைத்த மூட்டைகள் மாதிரி தனித்தனியாக நிற்கும். எங்கள் வகுப்பில் படித்த எல்லோருக்குமே அப்படித்தான். பத்து வருடம் ஆகியும் மாறவில்லை. அவர் எழுத்தோ, வலப்பக்கம் சாய்ந்து, ஒன்றின் வால் அடுத்ததைத் தொட்டுக்கொண்டு ஓடியது. கடைசி எழுத்துக்குக் கீழே அலட்சியமாக ஒரு இழுப்பு வேறு. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயதில் போன கை அது.

இன்னொன்றும் தோன்றியது. நாங்கள் அழுத்தி எழுதுகிறவர்கள். தாளைத் திருப்பித் தடவினால் முதுகில் எழுத்து விரலில் தட்டும். படத்தைத் தடவி என்ன பயன்?

மறுநாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு மறுபடியும் பெயிண்ட் கடைக்குப் போனேன். சித்தப்பா உதட்டைப் பிதுக்கினார். நான் சந்தேகத்தைச் சொன்னதும் அவருக்கு முகம் மாறிவிட்டது.

"அந்தக் காகிதத்தைப் படிச்சுக் கணக்குப் போட்டவன் நான். இருபது வருஷமா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கேன். நீ தடவிப் பார்த்துட்டு இல்லைங்கப் போறியா?"

"இல்லைன்னு சொல்ல வரல சித்தப்பா. அண்ணன் அதை நம்பிக்கிட்டு வீட்லயே உக்காந்திருக்காரு. அதுக்காகத்தான் வந்தேன்."

அண்ணனின் ஆபரேஷன் விஷயம் அதுவரை அவருக்குத் தெரியாது. அண்ணன் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன் சின்னப் பையனாக இருந்தபோது பெயிண்ட் டப்பாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்ட கதையைச் சித்தப்பா சம்பந்தமில்லாமல் சொன்னார். அப்புறம் பெட்டியை எடுத்து என் மடியிலேயே வைத்துவிட்டு, வாடிக்கையாளர் யாரும் இல்லாத கடையைப் பார்க்கப் போனார்.

கடைசிக் காகிதத்தின் முதுகைத் தடவினேன். வழுவழுவென்று இருந்தது. என் விரலில் ரேகை இல்லையே தவிர உணர்ச்சி இருக்கிறது. முன்பக்கம் அவ்வளவு லேசாகத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது பேனா. இந்த ஆள் ஏணி போட்டவர் இல்லை. அப்படியென்றால் இவர் அவரது பேரன். எங்கள் வீட்டு வழக்கப்படி அதே பெயர், அதே தகப்பன் பெயர். கிணறு வெட்டினவரின் அப்பாவும் சின்னப் பெயர், மகனும் சின்னப் பெயர். இரண்டே பெயரை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி விளையாடினால், காகிதத்தில் யாரும் சாகவே மாட்டார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆனால் தடவிப் பார்த்தேன் என்று சொன்னால் அண்ணன் கேட்பாரா? காகிதம் கொண்டு வா என்றல்லவா சொன்னார்.

பெட்டியைக் கவிழ்த்தேன். அடியில், தகரம் துருப்பிடித்த கறை படிந்து, நாலாக மடித்த தாள்கள் கொஞ்சம் இருந்தன. பெரும்பாலும் யாரோ யாருக்கோ கொடுத்த பாத்திரக் கணக்கு. ஒன்றில் மட்டும் கீழே ஏணி இருந்தது.

சித்தப்பாவைக் கூப்பிட்டேன். அவரும் படித்துப் பார்த்துத் திணறினார். அவரே கடையைச் சாத்திவிட்டு என்னோடு பத்திர எழுத்தரிடம் வந்தார். ஒரு தாளும் வெளியே போகக் கூடாது என்று சொன்னவர், அந்தத் தாளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார்.

எழுத்தர் இந்தத் தடவை கண்ணாடியை ஏற்றவில்லை, இறக்கிப் போட்டுக்கொண்டார். ஒரு பெண்ணின் பெயரில் தொடங்கியது. அதனால்தான் சித்தப்பா அந்தக் காலத்தில் முதல் வரியோடு மடித்துப்போட்டிருக்கிறார். ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தேழு. எழுத்தர் நிறுத்தி நிறுத்திப் படித்தார். காலஞ்சென்ற இன்னாரின் பெண்சாதியும், சிறு பிள்ளையாகிய இன்னாருக்குத் தாயாருமாகிய நான். முதல் இன்னார் இருந்த இடத்தில் பெரிய பெயர், இரண்டாவதில் சின்னப் பெயர். என் புருஷன் பாதியில் விட்டுப்போன கிணற்றை என் சொந்தச் செலவில் தோண்டி முடித்து, பிள்ளைக்கு வயது வரும்வரை ஓடைக்கரை நிலத்தை நானே பயிர் செய்துகொள்வேன், கொழுந்தனார் குறுக்கே வரக் கூடாது. அவ்வளவுதான். கீழே ஏணி. அவளும் எழுதத் தெரியாதவள். அடையாளத்துக்குப் புருஷனுடையதையே போட்டிருக்கிறாள்.

"நாப்பது வயசு," என்றார் எழுத்தர். "அதுக்கு மேல இருக்காது. சிமெண்ட்டு, நான் சொன்னது தப்பு."

எப்படிச் செத்தார் என்று அதில் இல்லை. நான் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். இல்லவே இல்லை.

சித்தப்பாவும் நேரே என்னோடு வந்தார். அண்ணன் வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கும்போது, "நூத்திப்பத்தைக் கொன்னுட்டியேடா" என்றார். கோபமாக இல்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் படி ஏறினார்.

அண்ணன் தாளை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். போனிலிருந்த மற்றக் காகிதங்களின் படங்களையும் காட்டி, நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஏணி, கையெழுத்து, பேரன், காலஞ்சென்ற என்ற சொல். கேட்டு முடித்துவிட்டு, பட்டறையில் குறை கண்டுபிடிக்கிற குரலில் ஆரம்பித்தார்.

"கிணத்துல மண்ணு சரிஞ்சு விழுந்திருக்கும். நெஞ்சுன்னு எங்கடா எழுதியிருக்கு?"

"எழுதல அண்ணே."

"அப்புறம்?"

அண்ணி ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, அண்ணன் கையிலிருந்த தாளை வாங்கினார். அண்ணி நன்றாகப் படித்தவர், ஆனால் அந்த எழுத்து அவருக்கும் ஓடாது. கீழே இருந்த ஏணியைத்தான் பார்த்தார், ரொம்ப நேரம்.

"அவரு எப்படிச் செத்தா என்னங்க," என்றார். "செத்த பிறகு இவதான் போய்க் கீறல் போட்டிருக்கா. எனக்கு இந்த மாதிரி ஒரு காகிதம் வேணாம்."

அண்ணன் என்னைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார். விசிறியைப் பார்த்தார். மறுநாளே படுத்துக்கொள்கிறேன் என்று தான் சொன்னதை யாராவது எடுத்துக்காட்டுவார்கள் என்று காத்திருந்தார் என்று நினைக்கிறேன். யாரும் எடுக்கவில்லை.

"அந்தக் கிணத்தை அவ தோண்டி முடிச்சாளா?" என்று கேட்டார்.

"தெரியல. ஆனா அந்த நிலம் அதுக்கப்புறம் எழுபது வருஷம் நம்ம கையில இருந்திருக்கு."

"அப்ப தண்ணி வந்திருக்கும்," என்றார் அண்ணன். அதன் பிறகு டாக்டர் போன் நம்பர் எங்கே என்று அண்ணியைக் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் அவரைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்துப் பச்சைத் துணி போர்த்தியிருந்தார்கள். ஆபரேஷன் அறைக் கதவு வரைக்கும் கூடப் போக விட்டார்கள். பயத்தை மறைக்க எப்போதும்போல ஏதாவது கிண்டல் செய்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையை ஆட்டிக் குனியச் சொன்னார்.

"அவரு ஏணியில மூணு படி. அவ போட்டதுல ரெண்டுதான். கவனிச்சியா?"

கவனிக்கவில்லை. அத்தனை தடவை பார்த்தும் கவனிக்கவில்லை.

"ஏன் ரெண்டு?"

"தெரியல அண்ணே."

"நான் வெளியே வர்றதுக்குள்ள யோசிச்சு வை," என்றார். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

வெளியே நீளமான பெஞ்சில் அண்ணியும் சித்தப்பாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். போனில் இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அவசரத்தில் விட்டிருப்பாள் என்றார் சித்தப்பா. மை தீர்ந்திருக்கும் என்றும் சொன்னார். ஒருவேளை அவள் வீட்டில் இருந்த ஏணியில் ஒரு படி உடைந்துபோயிருந்ததோ, அதைப் பார்த்துப் பார்த்து அப்படியே போட்டாளோ என்று எனக்குத் தோன்றியது. புருஷனுடையது வேறு, தன்னுடையது வேறு என்று காட்டத்தான் வேண்டுமென்றே ஒன்றைக் குறைத்திருப்பாள் என்றார் அண்ணி. அண்ணி சொன்னதுதான் சரி என்று பட்டது. ஆனால் அவரும் ஊகித்துத்தான் சொன்னார்.

சாயங்காலம் ஒவ்வொருவராக உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றார்கள். அண்ணி போய்விட்டு வந்து முகத்தைக் கழுவிக்கொண்டார். அடுத்து நான் போனேன். அண்ணன் வாயில் குழாய் இருந்தது, பேச முடியாது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கட்டு போட்ட கையை மெதுவாகப் போர்வைக்கு மேல் எடுத்து, இரண்டு விரலைத் தூக்கினார்.

"ரெண்டு தலகாணி வேணுமா? இப்ப வைக்கக் கூடாதுங்க," என்று நர்ஸ் அவர் கையைப் பிடித்து இறக்கினார்.

அவர் மறுபடியும் தூக்கினார்.